கோதிக் பேராலயத்துக்குள் எடுத்த படம் ஏன் கெட்டது? அறிகுறி வாரியாகத் திருத்தும் வழி

பிரான்சின் ஆமியான் பேராலயத்தில் கற்கூரை தரையிலிருந்து 42 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஜெர்மனியின் கொலோனில் 43 மீட்டர். வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து பார்க்கிறோம். பார்த்த அதே நிலையில் கேமராவையும் அண்ணாத்திப் படம் எடுக்கிறோம். இரவு விடுதியில் உட்கார்ந்து பார்க்கும்போது தூண்கள் சாய்ந்திருக்கின்றன, ஜன்னல்கள் வெள்ளைத் துளைகளாக இருக்கின்றன, கல் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறது. மறுநாள் ரயில் வேறு ஊருக்கு. திரும்பப் போய் எடுக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய வருத்தம். அதனால் இந்தக் குறிப்புகளைப் பயணத்துக்கு முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். பிறகு உள்ளே நிற்கும்போது, கேமராவின் திரையில் எது உறுத்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஒரு முன்னேற்பாடு: ரா கோப்பாக, அதாவது கேமராவின் ஒளியுணர் தகடான சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுங்கள். கீழே சொல்லும் திருத்தங்களில் பாதி, ஜேபெக் கோப்பில் நடக்காது.

ஜன்னல் வெளுத்துவிட்டது, அல்லது சுவர் கரியாகிவிட்டது

இந்த இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். வெயில் படும் ஜன்னலுக்கும் அதன் கீழே நிழலில் இருக்கும் தூணுக்கும் ஒளி வேறுபாடு சென்சாரின் எல்லையைத் தொட்டுவிடும், பல சமயம் தாண்டியும் விடும். கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளிக்கிறது. கேமராவுக்கு ஒரே பார்வைதான். படத்தில் ஜன்னல் சிறிதாக இருந்தால் அது சுவரைப் பார்த்து அளந்து ஜன்னலை எரிக்கும்; பெரிதாக இருந்தால் ஜன்னலைப் பார்த்து அளந்து சுவரைக் கருக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்தப் படம் எதைப் பற்றியது என்பது. ஜன்னலின் வண்ணக்கண்ணாடிதான் வேண்டும் என்றால் சுவரை மறந்துவிடுங்கள். ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் முறை) நடுத்தர நிறமுள்ள ஒரு கண்ணாடித் துண்டை அளந்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி, குறைத்து எடுங்கள். வெள்ளைக் கண்ணாடித் துண்டுகள் எரியாமல் இருக்கின்றனவா என்று, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பாருங்கள். சுவர் கறுப்பாகப் போகட்டும். அந்தக் கறுப்பின் நடுவில்தான் கண்ணாடி ஒளிர்கிறது. கண்ணாடிக்கு நல்ல நாள் மேகமூட்டமான நாள். நேர்வெயிலில் ஒரே ஜன்னலின் ஒரு பாதி எரிந்து மறுபாதி மங்கும். வெளியே இருக்கும் மரக்கிளையின் நிழலும் கண்ணாடியில் விழும். ஜன்னலின் அடியில் நின்று அண்ணாந்து எடுக்காமல், எதிர்ப் பக்கக் கூடத்துக்குப் போய் 100 முதல் 200 மி.மீ லென்ஸில் எடுத்தால் உருவங்கள் நீளாமல் வரும்.

கூடம் முழுவதும் வேண்டும் என்றால் ஒரு படம் போதாது. கேமரா அசையாத இடத்தில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8, ஃபோகஸும் அபெர்ச்சரும் மாறாமல். ஜன்னல் எரியாத மிகக் குறைந்த நேரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் நேரத்தை நான்கு மடங்காக்குங்கள்: 1/30 வினாடி, 1/8, 1/2, 2, 8. கடைசிப் படத்தில் மிக இருண்ட தூணின் அடிப்பகுதி ஹிஸ்டோகிராமின் இடது சுவரிலிருந்து விலகிவிட்டால் போதும். அதற்கு மேல் எடுப்பது வீண்.

முக்காலிக்குப் பல பேராலயங்களில் அனுமதி இல்லை. அப்போது சூரியன் மேகத்துக்குள் போகும் வரை காத்திருங்கள். வேறுபாடு தானாகவே சுருங்கும். அல்லது ஜன்னலை ஒரு தூணுக்குப் பின்னால் மறையும்படி நின்றுகொள்ளுங்கள். இரண்டு அடி இடம் மாறியதில் மட்டும் தேறிய படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

பழைய வழிகாட்டிகளில் உள்ள எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தின் உட்சுவர் பல நூற்றாண்டுப் புகை படிந்து கருத்திருந்தது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய புதுப்பிப்பில் அது வெளிர் மஞ்சளாகிவிட்டது. பாரிஸ் நோத்ர் தாம், 2019 ஏப்ரல் தீக்குப் பிறகு கழுவித் துடைக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறந்தபோது, அதன் கல் அதுவரை யாரும் பார்த்திராத வெளிச்சத்தில் இருந்தது. சுவர் வெளுத்தால் ஜன்னலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி குறையும், எடுப்பது எளிது. ஆனால் ஷார்த்ர் ஜன்னல்களின் அந்த நீலம் இருண்ட சுவருக்கு நடுவே இருந்ததைப் போல இப்போது ஒளிர்வதில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. என் மனமும் அந்தப் பக்கம்தான்.

ஐந்து படங்களைச் சேர்த்தேன். இப்போது பொம்மை வீடு போல இருக்கிறது

ஜன்னலைச் சுற்றிச் சாம்பல் நிற ஒளிவட்டம், சுவரெங்கும் ஒரே வெளிச்சம், கல்லின் ஒவ்வொரு புள்ளியும் துருத்திக்கொண்டு நிற்கிறது. மென்பொருள் தன் போக்கில் ஒளியைச் சமப்படுத்தியதன் விளைவு இது. இருட்டையெல்லாம் தூக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு கட்டடத்தின் பட்டியல்தான்.

சேர்த்தபின் ஜன்னல்தான் படத்தின் மிக வெளிச்சமான இடமாக இருக்க வேண்டும். மேலே கூரையின் ஓரமும் பக்கக் கூடங்களின் ஆழமும் இருண்டே இருக்க வேண்டும். நான் தானாகச் சேர்க்கும் முறையை விட்டுவிட்டேன். நடுத்தரமான ஒரு படத்தை அடியில் வைத்து, அதன் மேல் இருண்ட படத்திலிருந்து ஜன்னலை மட்டும் மென்மையான ஓரத்துடன் எடுத்து வைக்கிறேன். நிழலுக்கு வெளிச்சப் படத்திலிருந்து கொஞ்சம், கால் பங்குக்கும் குறைவாக. இருபது நிமிட வேலை. ஒளிவட்டம் வருவதே இல்லை.

தூண்கள் உள்நோக்கிச் சாய்கின்றன

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்ததே காரணம். சென்சார் செங்குத்தாக இல்லாவிட்டால் செங்கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். லென்ஸில் கோளாறு இல்லை; விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் இது தீராது.

கேமராவின் மட்டக்கோட்டைத் திரையில் வரவழைத்து, முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் பூஜ்யத்தில் இருக்கும்படி பிடியுங்கள். உடனே அடுத்த தொல்லை வரும்: படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் தரையும் நாற்காலிகளும், மேலே கூரை வெட்டுப்பட்டு நிற்கும். கேமரா மட்டமாக இருக்கும்போது உங்கள் கண்ணின் உயரம் படத்தின் நடுக்கோட்டில் விழுகிறது; அதற்குக் கீழே வருவதெல்லாம் தரைதான். கேமராவை நெடுக்காகத் திருப்பி, இருப்பதில் அகலமான லென்ஸைப் போடுங்கள். முழுச் சட்டக் கேமராவில் (சென்சார் 35 மி.மீ ஃபிலிம் சட்டத்தின் அளவு) 16 மி.மீ லென்ஸை இப்படி மட்டமாகப் பிடித்தால், ஆமியானில் உங்களிடமிருந்து சுமார் 36 மீட்டருக்கு அப்பால் உள்ள கூரை சட்டத்துக்குள் வந்துவிடும். அதனால் மேற்கு வாசலருகே, கூடத்தின் முழு நீளத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். வீட்டுக்கு வந்து கீழே இருக்கும் தரையை வெட்டிவிடுங்கள்.

இதே வேலையை லென்ஸ் வழியாகவே செய்வது ஷிப்ட் லென்ஸ். கேமரா மட்டமாகவே இருக்க, லென்ஸ் மட்டும் மேலே நகரும். 35 மி.மீ கேமராவுக்கு நிக்கான் 1962-இலேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. கேனானின் 17 மி.மீ ஷிப்ட் லென்ஸ் 2009-இல் வந்தது. கட்டட வேலையையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு வெட்டும் முறை போதும்.

ஏற்கெனவே சாய்த்து எடுத்துவிட்ட படத்தை மென்பொருளில் நிமிர்த்தலாம். அப்போது படத்தின் ஓரங்கள் பறிபோகும். மேற்பகுதி இழுபட்டுக் கூர்மை குறையும். ஆகவே எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். நூற்றுக்கு நூறு நிமிர்த்தவும் வேண்டாம். முழுவதும் நேராக்கினால் தூண்கள் மேலே விரிவதைப் போலக் கண்ணுக்குத் தோன்றும். எண்பது, எண்பத்தைந்து விழுக்காட்டில் நிறுத்தினால் இயல்பாக இருக்கும்.

மட்டமாகத்தான் பிடித்தேன், ஆனாலும் ஏதோ கோணல்

நீங்கள் நடுக்கோட்டில் நிற்கவில்லை. கண்ணளவில் நடு என்று தோன்றும் இடம் பெரும்பாலும் ஒரு சாண் தள்ளியிருக்கும். இரு வரிசைத் தூண்களிலும் முதல் தூணைப் பாருங்கள்: இடது தூணுக்குப் பின்னால் எவ்வளவு பக்கக் கூடம் தெரிகிறதோ அவ்வளவே வலப்பக்கத்திலும் தெரிய வேண்டும். தெரியும் வரை அரை அடி அரை அடியாக நகருங்கள். பிறகு கூரையின் நடுவில் விலா வளைவுகள் சந்திக்கும் கற்களின் வரிசை, பீடத்தின் நடு, தரைக் கற்களின் இணைப்பு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றும் விழவே இல்லை என்றால் தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். பல தலைமுறைகள் கட்டிய கட்டடங்கள் இவை. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் உள்ள கெம்பேர் பேராலயத்தில், பீடப்பகுதி நடுக்கூடத்தோடு நேராக இல்லாமல் வெளிப்படையாகவே ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. அங்கே சமச்சீருக்குப் போராடாதீர்கள். அந்த வளைவே தெரியும்படி எடுங்கள்.

படம் மங்கலாக இருக்கிறது

பெரிதாக்கிப் பாருங்கள். ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை நடுக்கம். ஒரு தூண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ். உருவங்கள் மட்டும் கரைந்து கல் கூர்மையாக இருந்தால், ஆட்கள் நகர்ந்திருக்கிறார்கள்.

கை நடுக்கத்துக்கு ஒரு கணக்கு. மேகமூட்டமான நாளில் இருண்ட கூடம் ஒன்றில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்தால் 8 வினாடி தேவைப்படுவது சாதாரணம். ஐஎஸ்ஓவை 3200 ஆக்கினால் 1/4 வினாடி. அபெர்ச்சரை எஃப்/2.8-க்குத் திறந்தால் 1/30. அகல லென்ஸில் 1/30 கைக்கு எட்டும் வேகம். கூடத்தின் தொலைவில் எஃப்/2.8 கூடப் போதுமான ஆழம் தரும், மிக அருகில் எதுவும் இல்லாதவரை. ஆகவே முக்காலி இல்லாதபோது எஃப்/8-ஐப் பிடித்துத் தொங்காதீர்கள். தோளைத் தூணில் சாய்த்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஐந்தாறு படங்களைத் தொடர்ந்து எடுங்கள். இடையில் உள்ள ஒன்று அநேகமாகக் கூர்மையாக இருக்கும்.

இன்னும் இரண்டு வழிகள் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. கேமராவின் முக்காலித் திருகில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்துப் பிடித்தால் நடுக்கம் பெருமளவு அடங்கும். அடுத்தது பயறுப் பை. அந்த ஊர்க் கடையில் அரை கிலோ உலர்ந்த பயறு வாங்கிச் சிறு துணிப்பையில் கட்டினால், நாற்காலியின் முதுகிலோ தரையிலோ கேமராவை எந்தக் கோணத்திலும் உட்கார வைக்கலாம். இரண்டு வினாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பை வைக்கும் இடம் கல்லறையாகவோ பீடமாகவோ இருக்கக் கூடாது.

நிழல்களில் மணல் தூவியதுபோல இரைச்சல் இருக்கிறதா? ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கினால் பெரும்பாலும் இன்னும் மோசமாகும். ஒரே காட்சியை ஒன்பது முறை எடுத்து மென்பொருளில் சராசரி எடுத்தால் இரைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறையும்.

ஃபோகஸ் இருட்டில் தடுமாறினால், ஜன்னலின் ஈயப் பட்டை, மெழுகுவர்த்தித் தாங்கியின் விளிம்பு என்று வேறுபாடு அதிகமுள்ள ஓர் ஓரத்தைப் பிடியுங்கள். 24 மி.மீ, எஃப்/8 என்றால் இரண்டரை மீட்டரில் கையால் ஃபோகஸை வைத்துவிடுங்கள். ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து கூடத்தின் கடைசி வரை கூர்மையாகும். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் 2008-இல் வைத்த ஞானஸ்நானத் தொட்டியின் அசையாத நீரில் கூரை தலைகீழாகத் தெரியும். அதை எடுக்கும்போது நீரின் மேல் ஃபோகஸ் செய்தால் கூரை மங்கிவிடும். பிம்பம் இருப்பது நீரில் அல்ல, கூரையின் தொலைவில். கூரையைப் பிடித்து ஃபோகஸ் செய்யுங்கள்.

முன் வரிசை நாற்காலிகள் பளீர், பின்னால் எல்லாம் இருட்டு

ஃப்ளாஷ் அடித்திருக்கிறீர்கள். 4 மீட்டரில் உள்ள நாற்காலிக்குக் கிடைக்கும் ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் 40 மீட்டர் தொலைவுக்குக் கிடைக்கும். அணைத்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் தடையும் இருக்கிறது. வழிபடுகிறவர்களின் கண்ணில் அடிப்பது தவறும் கூட.

பச்சைப் புள்ளிகள், அந்தரத்தில் மிதக்கும் தலைகீழ் ஜன்னல், பால் கலந்ததுபோல வெளுப்பு

லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காகத் திருகிய ஃபில்டரைக் கழற்றுங்கள். மிதக்கும் ஜன்னலிலிருந்து படத்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்தால், மறுமுனையில் உண்மையான ஜன்னல் இருக்கும். ஃபில்டருக்கும் சென்சாருக்கும் இடையே ஒளி எகிறிக் குதித்ததன் அடையாளம் அது. ஒரு முறை நான் முழு நாளும் ஃபில்டரைக் கழற்றாமல் எடுத்து, மிக நன்றாக அமைந்த கூடப் படம் ஒவ்வொன்றிலும் பீடத்தின் மேல் ஒரு பச்சை ஜன்னல் தொங்கக் கண்டேன். அன்றிலிருந்து வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறேன்.

ஃபில்டர் இல்லாமலும் வெளுப்பு இருந்தால் லென்ஸின் முன்கண்ணாடியைத் துடையுங்கள். விரல் ரேகை ஒன்றே போதும். குளிர்காலத்தில் வெளியிலிருந்து வந்த குளிர்ந்த லென்ஸில் உள்ளே இருக்கும் கூட்டத்தின் மூச்சு படிந்து பனித்துவிடும். துடைத்துக்கொண்டே இருப்பதைவிடக் கால் மணி நேரம் பையைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது மேல். ஆங்கிலப் பேராலயங்கள் பலவற்றில் இடைக்கால வண்ணக்கண்ணாடி அழிந்து நிறமற்ற கண்ணாடி இருக்கிறது. அங்கே வெளுப்பு அதிகம். ஜன்னலைத் தூணால் மறைப்பதே மருந்து.

கல் மஞ்சளாகவும் ஜன்னலோரம் நீலமாகவும் இருக்கிறது

கூடத்தில் விளக்கொளி ஒரு நிறம், ஜன்னலொளி வேறு நிறம். ஒரே ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன் அமைப்பு) இரண்டுக்கும் பொருந்தாது. விளக்கொளி படும் இடத்தைத் தனியாகத் தேர்ந்து குளிர்த்துங்கள். முழுவதும் அல்ல, மெழுகுவர்த்திக்கு அருகே கல் பொன்னிறமாக இருப்பதுதான் உண்மை.

வண்ணக்கண்ணாடி நிறைந்த இடத்தில் ஆட்டோவை நம்பாதீர்கள். ஷார்த்ரில் அது நீலத்தைக் குறை என்று எண்ணித் திருத்தி, சாம்பலாக்கிக் கொடுக்கும். 5000 முதல் 5500 கெல்வினில் கையால் நிறுத்துங்கள்.

படத்தில் குறுக்கே கருப்பு வெளுப்புப் பட்டைகள்

சத்தமில்லாத மின்னணு ஷட்டரும் எல்.ஈ.டி விளக்கும் சேர்ந்ததன் பலன். ஐரோப்பாவில் மின்சாரம், இந்தியாவைப் போலவே, 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்குகள் பல வினாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. சென்சார் மேலிருந்து கீழாக வாசிக்கும்போது அந்தத் துடிப்பு பட்டைகளாகப் பதிகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறி 1/100, 1/50, 1/25 ஆகியவற்றில் ஒன்றை வையுங்கள். சத்தம் கேட்குமே என்றால், வழிபாடு நடக்கும் நேரத்தில் கேமராவை எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். மற்ற நேரத்தில் அந்தச் சிறு ஓசை யாரையும் தொந்தரவு செய்யாது.

நேர் மேலே பார்த்து எடுத்த கூரை சுழன்று நிற்கிறது

கையில் பிடித்து அண்ணாந்து எடுத்தால் எப்படியும் சுழலும். கேமராவைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, பத்து வினாடி டைமர் போட்டு விலகிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஈலியில் 1322-இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்த இடத்தில் எண்கோண வடிவில் ஒன்றை எழுப்பினார்கள். அதன் நடுவில் கேமராவைப் படுக்க வைத்தால், சென்சாரின் ஓரங்கள் எண்கோணத்தின் இரு பக்கங்களுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். மூன்று நான்கு முறை எடுத்துத் திருத்த வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில் 1338-க்கும் 1348-க்கும் இடையே கட்டிய கத்தரிக்கோல் வடிவ வளைவுகளை நடுக்கூடத்திலிருந்து எடுக்கும்போதும் இதே கறார்த்தனம் வேண்டும்.

எல்லாம் சரி, ஆனால் உயரமே தெரியவில்லை

எனக்கு மிக அதிகமாக மனவருத்தம் தந்த குறை இதுதான். கோடுகள் நேர், ஒளி சரி, கூர்மை சரி. ஆனால் 42 மீட்டர் ஒரு கல்யாண மண்டபம் போலத் தெரிகிறது. அகல லென்ஸ் அருகில் இருப்பதைப் பெருக்கித் தொலைவில் இருப்பதைச் சுருக்கிவிடும். பீடம் கடுகாகிவிடும், முன்னால் இருக்கும் நாற்காலி பூதமாகிவிடும்.

அகல லென்ஸைக் கழற்றி 50 அல்லது 70 மி.மீ போட்டு மேற்கு வாசலிலேயே நில்லுங்கள். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கும். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் சுமார் 96 மீட்டர் நீளத்துக்கு இடையறாமல் ஓடும் கூரையின் விலா வளைவுகள், இந்தத் தூரத்தில்தான் ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. உயரம் முழுவதும் வேண்டும் என்றால் மட்டமான கேமராவில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே தூக்கி, பாதிக்குப் பாதி மேற்பொருந்தும்படி நான்கைந்து படங்கள் எடுத்துச் சேர்க்கலாம்.

அதோடு ஓர் ஆள் வேண்டும். ஆளில்லாத படம் எடுக்க அதிகாலையில் வரிசையில் நிற்கிறார்கள். முக்காலி இருந்தால் பதினைந்து படங்கள் எடுத்து மென்பொருளில் ஆட்களை நீக்குகிறார்கள். கூட்டம் வேண்டாம் என்றால் அது சரியான வழிதான். ஆனால் தூணின் அடியில் தனியாக நிற்கும் ஒருவரை நீக்கிவிடாதீர்கள். அவர் ஆள் உயரம், தூண் அவரைப்போல் இருபது மடங்கு. முகம் அடையாளம் தெரியாத தொலைவு, முதுகுப்புறம் என்று எடுத்தால் யாருக்கும் சங்கடமில்லை. மண்டியிட்டிருப்பவரை எடுக்காதீர்கள்.

கைபேசியில் எடுத்தது குழைந்து கிடக்கிறது

அகலக் கேமராவுக்கு மாற்றியிருப்பீர்கள். பெரும்பாலான கைபேசிகளில் அதன் சென்சார் சிறியது, இருட்டில் தடுமாறும். பிரதானக் கேமராவையே பயன்படுத்துங்கள், இரவு முறையில், கைபேசியைத் தூணில் அழுத்திப் பிடித்து. திரையில் ஜன்னலை விரலால் அழுத்திப் பூட்டி வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். கட்டக்கோடுகளை வரவழைத்தால் சாய்வும் தெரியும். சென்னை சாந்தோம் பேராலயம் 1890-களில் கோதிக் பாணியில் மீண்டும் கட்டப்பட்டது. பயணத்துக்கு முன் அங்கே ஒரு மாலை, அனுமதி கேட்டுக்கொண்டு, பழகிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கல்லின் மேல் வண்ண ஒளி விழவே இல்லை

தரையிலும் தூணிலும் சிவப்பும் நீலமும் சிந்திக் கிடக்கும் படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறோம். அங்கே வெறும் சாம்பல். மேகமாக இருந்தால் அன்று கண்ணாடியை எடுங்கள், முதல் பகுதியில் சொன்னதுபோல. வெயில் இருந்தும் விழவில்லை என்றால் நேரம் தவறு.

நம் ஊர் வெயிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டிசம்பர் நடுப்பகலில் சென்னையில் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்கும். ஷார்த்ரில் 18 பாகைதான். ஜூனில் அங்கே 65. கோடையில் மேல் ஜன்னல் வழியாக வரும் ஒளி செங்குத்தாக இறங்கிச் சீக்கிரமே தரையைத் தொடும். குளிர்காலத்தில் படுக்கையாகப் பாய்ந்து எதிர்ச்சுவரின் உச்சியில் படியும். ஆகவே வண்ணத்தைத் தேடும்போது ஜூனில் கீழே பாருங்கள், டிசம்பரில் மேலே பாருங்கள். கொலோனின் தெற்குக் குறுக்குக் கூடத்தில், ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்து 2007-இல் வைத்த ஜன்னலில் 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்கள் இருக்கின்றன. வெயிலுள்ள நடுப்பகலில் அதன் எதிரே கல் முழுவதும் புள்ளி புள்ளியாக நிறம் கொள்கிறது. மாலை ஆறு மணிக்குப் போய் நின்று பயனில்லை. ஸ்பெயினின் பால்மா பேராலயத்தில் பிப்ரவரி 2, நவம்பர் 11 ஆகிய இரு காலைகளில் கிழக்கு ரோஜா ஜன்னலின் (பெரிய வட்ட ஜன்னல்) ஒளி எதிர்ச்சுவரில் மேற்கு ரோஜாவுக்கு நேர் கீழே விழுந்து, இரண்டும் சேர்ந்து எட்டு என்ற எண்ணைப் போல நிற்கும்.

ஃபிரெடெரிக் எவான்ஸ் என்ற ஆங்கில ஒளிப்படக்காரர் 1903-இல் வெல்ஸில் எடுத்த தேய்ந்த படிக்கட்டுப் படத்தைப் பாருங்கள். படிகள் அலையலையாக மேலேறுகின்றன. ஒவ்வொரு படியின் குழிவையும் காட்டுவது பக்கவாட்டில் வந்து விழும் ஒளிதான். நேராக மேலிருந்து ஒளி விழுந்திருந்தால் அது வெறும் படிக்கட்டாகத்தான் இருந்திருக்கும்.

நேரத்தைக் கணிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பேராலயத்தின் பீடம் கிழக்கே இருக்கும் என்பது வழக்கம். வரைபடங்களில் தெற்கு ரோஜா, வடக்கு ரோஜா என்று எழுதியிருப்பதும் அந்த வழக்கப்படிதான். உண்மையான திசை வேறாக இருக்கலாம். ஷார்த்ரின் பீடம் வடகிழக்கைப் பார்க்கிறது. அதனால் அங்கே தெற்கு என்று சொல்லும் பக்கம் தென்கிழக்கு, மேற்கு வாசல் தென்மேற்கு, வடக்கு ரோஜா வடமேற்கு. கைபேசி வரைபடத்தில் கட்டடம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று முன்னிரவே பாருங்கள். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து காலை ரயிலில் போனால், முதலில் தெற்குப் பக்கம்: நீல அன்னையின் ஜன்னல் (நீல ஆடையில் மரியாள்) அங்கேதான் இருக்கிறது. பகல் சாய்ந்ததும் மேற்கு வாசலுக்கு மேலே இருக்கும் மூன்று நெடு ஜன்னல்கள். 1194 தீக்குத் தப்பிய பழைய கண்ணாடி அது. கோடைக்காலமாக இருந்தால் கடைசி ரயிலுக்குக் கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு வடக்கு ரோஜாவின் எதிரே உட்கார்ந்திருங்கள். மாலை வெயில் அதற்குத்தான் வருகிறது.